இரண்டு தடவை போதும்

மாத்தளை நீதிமன்றத்துக்கு எதிர்ச் சந்தில், ஒரு போட்டோகொப்பிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து இருபது வருடங்களாக மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பொலிஸ் முறைப்பாடு, விவாகரத்துத் தீர்ப்பு என்று எது வந்தாலும் சிங்களத்தில் இருப்பதைத் தமிழுக்கும் தமிழில் இருப்பதைச் சிங்களத்துக்கும் மாற்றி, கீழே முத்திரை குத்திக் கொடுப்பேன். வருகிறவர்களின் விவகாரத்தில் மூக்கை நுழைப்பதில்லை. அவர்கள் சொன்னதற்கு மேல் ஒரு சொல் கூட்டமாட்டேன், ஒரு சொல் குறைக்கவும் மாட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நானா வந்தார். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். அவரைப் பல வருடங்களாகத் தெரியும். பலாபத்வலைக்கு உள்ளே, ஓயா என்கிற சிற்றாற்றுக்கு அந்தப் பக்கம் அவருக்கு மிளகுத் தோட்டம். ஓயாவைக் கடக்க இரண்டு தென்னங்குற்றிகள்தான் பாலம். மழை பெய்தால் அதுவும் தண்ணீருக்குள் போய்விடும். அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றுப்பாதையில் மூன்று மைல் நடக்க வேண்டும். அதைப் பற்றி எங்கள் மாவட்டத்துப் பாராளுமன்ற உறுப்பினருக்குச் சிங்களத்தில் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றார்.

"புதுசா எழுதத் தேவல்ல தங்கச்சி. முந்தி எழுதினது ஒங்கட கம்ப்யூட்டர்ல ஈக்கும், தேடிப் பாருங்க."

தேடினேன். இருந்தது. ஒன்றல்ல, இரண்டு. ஐந்தாறு வருட இடைவெளியில் இரண்டையும் நானே தட்டச்சு செய்திருந்தேன். பெறுநர் இடத்தில் இரண்டிலும் ஒரே ஆள். முதல் கடிதத்தில் ஓயாவைத் தாண்டப் பயப்படுவது நானாவின் மூத்த மகள். இரண்டாவதில் இளைய மகள்.

"இப்ப யாருக்காக நானா?"

"மூத்தவள்ட மகள். இந்த வருஷம் ஒண்டாம் வகுப்பு." சொல்லிவிட்டுச் சிரித்தார். "ஆள்ட பேர மாத்தத் தேவல்ல. திகதிய மட்டும் மாத்துங்க."

திகதியை மாற்றப் போன என் கை நின்றுவிட்டது. அந்த உறுப்பினர் ஐந்து தடவை பாராளுமன்றத்துக்குப் போனவர். என் கல்யாணத்துக்கு முன்பே அந்தக் கதிரையில் உட்கார்ந்தவர். என் மகள் வாக்காளர் பட்டியலில் சேர்ந்த பிறகும் அதே கதிரையில்தான் இருந்தார்.

"நானா, ஜனாதிபதிக்கு ரெண்டு தடவதான். அதுக்கு மேல நிக்க முடியாது. இவங்களுக்கு மட்டும் ஏன் அப்படி ஒண்ணு இல்ல? பாலத்துக்கு எழுதுறதோட, அதயும் கேட்டு ஒரு கடிதம் எழுதினா என்ன?"

இருபது வருடத்தில் ஒரு வாடிக்கையாளரிடம் நானாக ஒரு யோசனை சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன உடனே வெட்கமாக இருந்தது. நானா சிரிப்பை நிறுத்தினார். கதிரையை மேசைக்குக் கிட்டே இழுத்துப் போட்டார்.

"எழுதுங்க," என்றார்.

எழுதுவதற்கு முன் பக்கத்து அறைக்குப் போனோம். அங்கே ஒரு சிங்களச் சட்டத்தரணி இருக்கிறார். நாவுலையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். எல்லாருக்கும் அவர் 'மிஸ்'. பேச்சில் சீனியும் இல்லை, உப்பும் இல்லை. நாங்கள் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டுச் சிங்களத்தில் சொன்னார்:

"சட்டத்த நீங்க மாத்த முடியாது. அரசியலமைப்புல கை வைக்க மூன்றில் ரெண்டு பங்கு எம்.பி.மார் வேணும். அதாவது, அவங்களே எழும்பி அவங்க கதவ அடைக்கணும்."

நானாவின் முகம் விழுந்தது. மிஸ் நிறுத்தவில்லை.

"ஆனா மனு கொடுக்கலாம். ஒரு எம்.பி. கையெழுத்துப் போட்டு, சபையில எழும்பி நின்னு சமர்ப்பிக்கணும். அதுக்குப் பிறகு அது மனுக் குழுவுக்குப் போகும். அங்க உங்களக் கூப்பிட்டுக் கேப்பாங்க. அது ஒரு வழி. இன்னொண்ணு, எலக்‌ஷனுக்கு நிக்கிற ஒவ்வொருத்தர்கிட்டயும் 'ரெண்டு தடவைக்கு மேல நிக்கமாட்டேன்'னு எழுதி வாங்குங்க. அது கோர்ட்டுல நிக்காது. ஆனா ஊர்ல நிக்கும்."

"எந்த எம்.பி. மிஸ் இத சமர்ப்பிப்பார்?"

"அதத்தான் நீங்க தேடணும்," என்றார். பிறகு லாச்சியைத் திறந்து பேனையை எடுத்து, "நாவுல பக்கத்துக் கையெழுத்த நான் பாத்துக்கிறேன்," என்றார்.

பாலக் கடிதத்தைத் திகதி மாற்றி அன்றைக்கே அனுப்பினோம். மனு ஒரே பக்கம். ஒருவர் இரண்டு முறைக்கு மேல் பாராளுமன்ற உறுப்பினராக இருக்கக்கூடாது என்று அரசியலமைப்பில் எழுதப்பட வேண்டும், இதைக் கேட்கிறவர்கள் மாத்தளை மாவட்டத்து மக்கள். அவ்வளவுதான். அந்த ஒரு பக்கத்தை எழுத எனக்கு நான்கு நாள் பிடித்தது. மற்றவர்களின் வசனங்களை மாற்றி மாற்றியே பழகிய கைக்குச் சொந்த வசனம் லேசில் வரவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை மாத்தளைச் சந்தையில் நின்றோம். பகல் முழுக்க நின்று பதினேழு கையெழுத்து. பேசினால் எல்லாரும் சரி என்பார்கள். அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டதும் பை கனக்கிறது, பஸ் போய்விடும் என்று நகர்ந்துவிடுவார்கள். ஒரு மரக்கறிக்காரர் மட்டும் மனதில் இருந்ததைச் சொன்னார்.

"அம்மா, நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. ஆனா நாளைக்கு மவனுக்கு வேலை கேட்டு அவருகிட்டதானே நான் போய் நிக்கணும்?"

இன்னொருவர், இருக்கிறவர் தின்று வயிறு நிறைந்தவர், புதிதாக வருகிறவன் பசியோடு வருவான் என்று சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தார். நானும் சிரித்தேன். பதில்தான் தெரியவில்லை.

மூன்றாவது வாரம் ரத்தொட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற பாதையில் இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன். பின்னேரம், கொழுந்து நிறுக்கிற நேரம். பனி இறங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு வரிசையில் நின்றார்கள். நான் ஒவ்வொருவராகப் பேசிக்கொண்டு போனேன். வரிசையின் நடுவில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இருந்தார். இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியில் கையைத் துடைத்துவிட்டு மனுவை வாங்கினார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தார். அதுவரை அதை யாருமே முழுதாக வாசித்ததில்லை.

"அக்கா, நல்லா எழுதியிருக்கீங்க. நீங்க எதிலயாச்சும் பதவில இருக்கீங்களா?"

"எங்க ரோட்டுல தண்ணிச் சங்கம் ஒண்ணு இருக்கு. அதுக்கு நான்தான் செக்ரட்டரி," என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொல்லியிருப்பேன்.

"எத்தன வருஷமா?"

"பன்னெண்டு."

"எத்தன வருஷத்துக்கு ஒருக்கா தெரிவு?"

"மூணு."

"அப்ப நாலு தடவ." வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கடதாசியை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார். "கோவிச்சுக்காதீங்க அக்கா. மொதல்ல அத முடிச்சிட்டு வாங்க. வந்தா நான் போடுறேன், இவங்க எல்லாரயும் போட வைக்கிறேன்."

ரத்தொட்டைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நான் சம்பளம் வாங்கவில்லை, வாகனம் வாங்கவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. எங்கள் வீதியில் நாற்பத்தெட்டு வீட்டுக்குத் தண்ணீர் வரவேண்டும் என்று ஓடினேன். என்னையும் அந்த எம்.பி.யையும் ஒரே தட்டில் வைக்கலாமா? வீட்டுக்கு வந்து அவரிடம், என் கணவரிடம், கொட்டித் தீர்த்தேன். அவர் பஸ் டிப்போவில் நேரக்காப்பாளர். எதையும் நேரத்தைப் பார்த்துத்தான் பேசுவார்.

"அந்தம்மா கேட்டதுல என்ன தப்பு?" என்றார்.

"நான் இல்லன்னா யார் செய்வா?"

"அதத்தான் அவரும் சொல்லுவாரு."

அடுத்த நாள் காலையில் தண்ணீர்த் தாங்கியின் சாவியை ஆணியிலிருந்து எடுத்தபோதுதான் எனக்கு விளங்கியது. அந்தச் சாவி எங்கள் வீட்டில் தொங்குவது எனக்குப் பிடித்திருந்தது. சந்தியில் 'செக்ரட்டரி அக்கா' என்று கூப்பிடுவது பிடித்திருந்தது. கூட்டத்தில் யாராவது வேறு பெயரை முன்மொழிந்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வேன். அவர்களே வாபஸ் வாங்கிவிடுவார்கள். யாரும் போட்டியிடவில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது பொய்யல்ல. போட்டியிட விடவில்லை என்பதுதான் முழு உண்மை.

அந்த மாதமே பொதுச்சபையைக் கூட்டினேன். கோயில் மடத்தில் பாய் விரித்து நாற்பது பேர் வரை உட்கார்ந்தார்கள். சங்கத்தின் யாப்பில், அதாவது விதிப் புத்தகத்தில், ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று முன்மொழிந்தேன்: எந்தப் பதவியிலும் ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் இருக்கக்கூடாது. அதோடு, அந்த வரி இன்றைக்கே என்மீது பாயும் என்றும் சொன்னேன்.

சபை கொதித்தது. எனக்கு எதிரிகள் இல்லை, நேசித்தவர்கள்தான் எதிர்த்தார்கள். எதிர் வீட்டு அக்கா எழுந்து நின்று, "நீங்க போனா எங்களுக்குத் தண்ணி வராதுங்க," என்று அழுதே விட்டார். தலைவர் எழும்பி, "இவங்களுக்கு மட்டும் விதிவிலக்கு வச்சிட்டு நிறைவேத்துவோம்," என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலைக் கேட்டபோது எனக்குள்ளே ஒன்று மெதுவாக, 'சரி என்று சொல்லிவிடு' என்றது. உண்மையாகச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிடம் அந்த எம்.பி.யின் மனது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"விதிவிலக்கு வச்சா அது விதியே இல்லங்க," என்றேன். "கைய உயர்த்துங்க."

முதலில் பின்வரிசையில் சில கைகள் எழுந்தன. பிறகு பெண்கள் பக்கம். எண்ணி முடித்தபோது மூன்று பேரைத் தவிர எல்லாரும் உயர்த்தியிருந்தார்கள். அந்த மூன்று பேரில் ஒருவர் அழுத அக்கா.

புதிய செயலாளராக வந்தவர் முச்சக்கரவண்டி ஓட்டுகிறவர். முப்பது வயதுக்கு மேல் இருக்கும், ஒரு காதில் கடுக்கன். இவர் எங்கே செய்யப்போகிறார் என்று நான் நினைத்தது உண்மை. சாவியைக் கொடுக்கும்போது அரை மணித்தியாலம் புத்தி சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

இரண்டாவது வாரம் மேட்டு வீடுகளில் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது.

அதன் அர்த்தத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் வீதியின் மேட்டில் ஒன்பது வீடுகள். பன்னிரண்டு வருடமும் அவர்களுக்குக் காலையில் தண்ணீர் ஒழுகலாகத்தான் வந்தது. மேட்டுக்கு ஏறாது, நான் என்ன செய்ய, என்று ஒவ்வொரு கூட்டத்திலும் நான் விளக்கம் சொன்னேன். இவர் செய்ததெல்லாம் இரண்டு வால்வுகளைத் திறக்கிற முறையை மாற்றியதுதான். மேட்டு வால்வை முதலில் அரை மணித்தியாலம் திறந்துவிட்டு, அதன்பிறகு பள்ளத்து வால்வைத் திறந்தார். ஓடிப்போய், எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"தெரியாது அக்கா. தெரியாததாலதான் ஒண்ணொண்ணா தொறந்து பாத்தேன்."

அன்றைக்கு எனக்கு வலித்தது. ஆனால் அந்த வலியோடு ஒரு சந்தோஷமும் வந்தது. சந்தையில் அந்த மனிதர் பசியோடு வருகிறவனைப் பற்றிச் சொன்னாரே, அதற்கு என்னிடம் இப்போது பதில் இருந்தது. அது புத்தகத்தில் படித்த பதில் இல்லை. எங்கள் மேட்டு வீட்டுக் குழாயிலிருந்து கொட்டிய பதில்.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். நிறுவை இடத்தில் அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்தேன்.

"முடிச்சிட்டு வந்துட்டேன்," என்றேன்.

அவர் என்னை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். பேனையை வாங்கி, அழகான எழுத்தில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏய், எல்லாரும் வாங்கடி! இவங்க சொல்றத செஞ்சிட்டு வந்து கேக்கிறாங்க!"

அந்தப் பின்னேரம் கொண்டுபோன தாள்கள் முடிந்துவிட்டன. கணக்கப்பிள்ளையிடம் கடதாசி வாங்கிக் கோடு போட்டு எழுதினோம். கணக்கப்பிள்ளையும் கையெழுத்துப் போட்டார். அதன்பிறகு நாங்கள் போன இடமெல்லாம் முன்கதை எங்களுக்கு முன்னால் போயிருந்தது. செயலாளர் பதவியை விட்ட பெண்மணி வருகிறார் என்பார்கள். நானா ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்று வாங்கினார். மிஸ் நாவுலையில் வெங்காய வயல் வரம்புகளில் நடந்து வாங்கினார். சேற்றுக் கைகளால் பிடித்ததால் நாவுலைத் தாள்கள் எல்லாம் ஓரத்தில் சிவந்திருந்தன. மூன்று மொழிகளில் கையெழுத்து. கட்டி வைத்தபோது ஒரு தலையணை உயரத்துக்கு வந்தது.

இனி எம்.பி. வேண்டும். மாவட்டத்தில் ஒருவர், கட்சியைக் கேட்க வேண்டும் என்றார். கட்சி பதில் சொல்லவில்லை. இன்னொருவர் போனை எடுக்கவில்லை. மிஸ் ஒருநாள், கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, "பெரியவர்கிட்டயே போங்க," என்றார். ஐந்து தடவைக்காரரிடம். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

புதன்கிழமை பொதுமக்கள் நாள். அவருடைய அலுவலகத்தில் நானாவும் நானும் இலக்கம் எடுத்து உட்கார்ந்தோம். எங்கள் முறை வந்தது. வெள்ளை உடுப்பு, நல்ல களையான முகம். நானாவை அடையாளம் கண்டுகொண்டு, "ஆ, பாலம்தானே!" என்றார். மூன்று கடிதமும் ஞாபகம் இருந்தது அவருக்கு. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கொடுத்தது.

மனுவை மேசையில் வைத்தேன். வாசித்தார். பக்கத்தில் நின்ற அவருடைய இணைப்பாளர் எட்டிப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். பெரியவர் வாசித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றி வைத்தார். எல்லாம் சிங்களத்தில்தான் நடந்தது. நானாவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும்.

"என்னை அனுப்புறதுக்கு நானே கையெழுத்துப் போடணுமா?"

"உங்கள மட்டும் இல்ல சேர். எல்லாருக்கும் சேத்துத்தான் கேக்கிறோம்."

அவர் நானாவின் பக்கம் திரும்பினார். "பாலம் வேணும்தானே? அடுத்த மாசமே வேலைய ஆரம்பிக்கச் சொல்றேன். இதைக் கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்."

நானா மனுவைப் பார்த்தார். அவர் கண் முன்னால் பேத்தி நிற்பது எனக்குத் தெரிந்தது. பதினைந்து வருடம் கேட்டது கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கிறது. அவர் சரி என்று சொல்லியிருந்தால் நான் குறை நினைத்திருக்க மாட்டேன். மேசையில் இருந்த கடதாசிக் கட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"சேர், பாலம் நீங்க செய்ய வேண்டிய வேலை. இது நாங்க செய்ய வேண்டிய வேலை. ரெண்டயும் செய்வோம்."

இணைப்பாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியவருக்கு வரவில்லை. என்னைப் பார்த்தார்.

"நீங்க படிச்சவங்க. ஒண்ணு சொல்லுங்க. ஊர்ல மரண உதவிச் சங்கம், விவசாயச் சங்கம், கோயில் சபை, எல்லாத்துலயும் ஒரே ஆள் இருபது வருஷம் இருக்கான். அதக் கேக்காத நீங்க எங்கள மட்டும் கேக்க வந்திட்டீங்க. உங்கள்ல யாராவது ஒருத்தர் தானா எழும்பிப் போயிருக்கீங்களா?"

இந்தக் கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பதில் தயாராக இருந்தது.

"நான் போயிருக்கிறேன் சேர். பன்னெண்டு வருஷம் தண்ணிச் சங்கச் செயலாளரா இருந்தேன். யாப்பை மாத்தி, நானே வெளியே வந்தேன். வந்த பிறகு மேட்டு வீடுகளுக்குத் தண்ணி ஏறியிருக்கு. நான் இருந்தவரைக்கும் ஏறல்ல."

பெரியவர் கதிரையில் பின்னால் சாய்ந்தார்.

"கஷ்டமா இருந்துச்சா?" என்று கேட்டார். அரசியல்வாதியாகக் கேட்கவில்லை. ஒரு மனிதன் இன்னொரு மனுஷியிடம் கேட்கிற குரல் அது.

"ரொம்ப, சேர். ஒரு வாரம் வெளியில போகவே வெட்கமா இருந்துச்சு. இப்ப நல்லா இருக்கு."

அவர் பேனையை எடுத்தார். "இதுல இருக்கிறதுக்கு நான் உடன்படல்ல. அது வேற. மக்கள் கொடுத்த மனுவ சபைக்குக் கொண்டுபோறது என் கடமை. அதை யாரும் நான் செய்யல்லன்னு சொல்லக்கூடாது." கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் நானா சுவரில் சாய்ந்து, "அல்ஹம்துலில்லாஹ்," என்றார்.

சபையில் சமர்ப்பிக்கும் நாளன்று பார்வையாளர் கலரியில் உட்காரப் பாஸ் கிடைத்தது. மூன்று பேர் போனோம்: நானா, நான், தோட்டத்திலிருந்து அந்தப் பெண். அவர் ஒரு நாள் பேர் போடாமல், அந்த நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தார். முதல் நாளே பஸ் ஏறி, கொழும்புக்குப் பக்கத்தில் கொலன்னாவையில் நானாவின் தங்கை வீட்டில் தங்கி, காலையில் இடியாப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டுப் போனோம். வாசலில் போனை, பையை, குடையை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மேலே போய் உட்கார்ந்தால், கீழே தொலைக்காட்சியில் பார்த்த முகங்கள். தூரத்திலிருந்து பார்க்கச் சாதாரண மனிதர்களாக இருந்தார்கள். இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள்.

மனு சமர்ப்பிக்கும் நேரம் வந்தது. ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். பிறகு எங்கள் பெரியவர் எழுந்தார். தாளைப் பார்த்து வாசித்தார். மாத்தளை என்றார். என் பெயரைச் சொன்னார். முதலெழுத்தைத் தப்பாகச் சொன்னார், ஆனால் சொன்னார். உறுப்பினர்களின் பதவிக்காலத்தை இரண்டு முறைக்கு மட்டுப்படுத்தும்படி கோரும் மனு என்று முழுதாக வாசித்தார். முன்வரிசையில் யாரோ சிரித்துக் குறுக்கே ஏதோ சொன்னார்கள். அவர் நிமிர்ந்து, "சிரிக்காம கேளுங்க, மக்கள் மேலே இருக்கிறாங்க," என்றார். கீழே இருந்த அத்தனை முகமும் ஒரு கணம் கலரியை அண்ணாந்து பார்த்தது.

முழுவதும் ஒரு நிமிடம்கூட இருக்காது. தோட்டத்துப் பெண் என் கையைப் பிடித்திருந்தார். கொழுந்து கிள்ளிக் காய்த்த விரல்கள், எலும்பு வலிக்கும்படி இறுக்கின.

"நம்மள பாத்தாங்க அக்கா," என்றார்.

பிறகு எல்லாம் உடனே மாறிவிட்டது என்று சொன்னால் பொய். மனு குழுவுக்குப் போனது. குழு ஒருநாள் எங்களைக் கூப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கேள்வி கேட்டது. இன்னும் கூப்பிடும். நானாவின் ஓயாவில் இன்னும் அதே இரண்டு குற்றிதான். மூன்றில் இரண்டு பங்கு என்பது எங்கள் ஓயா மாதிரி, இரண்டு குற்றியில் தாண்ட முடியாது. பெரியவர் அடுத்த தேர்தலில் நிற்பாரா என்று யாருக்கும் தெரியாது. கேட்டால், யோசிக்கிறேன் என்கிறாராம். முன்பெல்லாம் யோசித்ததில்லை.

ஆனால் மிஸ் சொன்ன இரண்டாவது வழி பலித்தது. பிரதேச சபைத் தேர்தல் வந்தபோது, நாங்கள் ஒரு மண்டபத்தைப் பிடித்து, எங்கள் வட்டாரத்து வேட்பாளர்கள் எல்லாரையும் கூப்பிட்டோம். மேசையில் ஒரு தாள்: தெரிவானால் இரண்டு தடவைக்கு மேல் நிற்கமாட்டேன். யார் வருவார்கள் என்று நினைத்தோம். ஒரு கட்சிக்காரர் வந்து கையெழுத்துப் போட்டார் என்ற செய்தி பரவியதும், மற்றவர்கள் வராமல் இருக்க முடியவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குள் அத்தனை பேரும் போட்டுவிட்டார்கள். கடைசியாக வந்தவர் மூச்சு வாங்க ஓடிவந்து, "பேனை எங்க, பேனை எங்க?" என்றார். நான்கு தடவை சபையில் இருந்த ஒருவர் அந்த முறை நிற்கவே இல்லை. தாளைப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுத்தார் என்று அவருடைய மனைவியே என்னிடம் சொன்னார்.

தோட்டத்துப் பெண் ஒரு சுயேச்சைக் குழுவில் போட்டியிட்டார். நாங்கள் யாரும் தூண்டவில்லை. கொழும்பிலிருந்து வந்த பஸ்ஸிலேயே முடிவு பண்ணிவிட்டேன் என்று பிறகு சொன்னார். போஸ்டர் இல்லை, வாகனம் இல்லை. தொழிலாளர் வீட்டு வரிசைகளில் லயத்துக்கு லயம் நடந்தார். என்ன செய்வீர்கள் என்று கேட்டவர்களிடம், ரெண்டு தடவைக்குள்ள செய்யக்கூடியதை மட்டும் சொல்கிறேன் என்று, விரல் மடக்கி மூன்றே மூன்று விஷயம் சொன்னார்.

முடிவு தெரிந்த அன்று காலையில் நானும் நானாவும் தோட்டத்துக்குப் போனோம். ரத்தொட்டை தாண்டும்போதே மலையிலிருந்து பட்டாசுச் சத்தம் கேட்டது. லயத்து முற்றத்தில் பாற்சோறு கிண்டி வாழையிலையில் வெட்டி வைத்திருந்தார்கள். தப்பு மேளம் அடித்தார்கள். முற்றத்தின் நடுவில் எங்கள் புதிய பிரதேச சபை உறுப்பினர், அந்தத் தோட்டத்துப் பெண், நின்றார். புதுச் சேலை கட்டியிருந்தார். கழுத்தில் செவ்வந்தி மாலை. என்னைக் கண்டதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"அக்கா, பாத்துக்கங்க," என்று எல்லாருக்கும் கேட்கச் சத்தமாகச் சொன்னார். "ரெண்டு தடவ, எட்டு வருஷம். அதுக்கு மேல நான் அங்க இருந்தா, கையப் பிடிச்சு வெளியில கூட்டிட்டு வரவேண்டியது நீங்கதான்."

"நான் வரமாட்டேன்," என்றேன். "அந்த வேலைய செய்ய இங்க எவ்வளவு பேர் இருக்காங்க, பாருங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். முற்றம் நிறைய ஆட்கள். எல்லாரும் சிரித்தார்கள், கை தட்டினார்கள். யாரோ என் கையில் ஒரு துண்டுப் பாற்சோற்றை வைத்தார்கள். அது இன்னும் சூடாக இருந்தது.